திகடசக்கரம் உணர்த்தும் படைப்புநெறி: கந்தபுராணத்தில் பத்திமையும் புனைவும்

வினா எழுந்த இடம்

காஞ்சி மாநகரை அடுத்த முசரவாக்கத்தில், கந்தர் சட்டியை ஒட்டி நடைபெற்ற புராணப் படிப்பு ஒன்றிற் கலந்துகொள்ளும் வாய்ப்பினை யாம் பெற்றோம். கந்தபுராணம் அரங்கேறிய வரலாற்றை யாம் கூறி முடித்தபொழுது, தறியில் நெடுங்காலம் இருந்து பழகிய முதியவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, முதற் சொல்லை முருகனே எடுத்துக் கொடுத்தான் என்கிறீர்கள். சாமி கொடுத்த சொல்லில் மனிதர் குற்றம் பார்க்கலாமா? பார்த்தபோது கச்சியப்பர் ஏன் வாய்மூடி இருந்தார்?" என்று வினவினார். 'எல்லாம் இறைவன் திருவிளையாடல்' என்று அவைக்கு ஏற்றதொரு விடையை அன்று கூறினோம். முதியவர் தலையசைத்து அமர்ந்தார். எனினும் அவ்விடையில் அவர்க்கு நிறைவு உண்டானதாகத் தோன்றவில்லை, எமக்கும் நிறைவில்லை.

அவர் கேட்டது ஒரு செவிவழிச் செய்தியைப் பற்றிய ஐயம் மட்டும் அன்று. தெய்வத்தின்பால் முழு நம்பிக்கை உடைய ஒருவன், உலகில் எங்கும் காணலாகாத உருவங்களையும் ஊர்களையும் போர்களையும் தன் கற்பனையாற் படைக்கும்பொழுது, அந்நம்பிக்கை அவனது கலைக்குத் துணையாகின்றதா, தளையாகின்றதா என்பதே அவ்வினாவின் உட்பொருள். இதனைக் கந்தபுராணத்தைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வு வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. புராணங்களை அணுகுவோர் நம்மிடையே பெரும்பாலும் இருவகையினராகப் பிரிந்து நிற்கின்றனர். இறைநூல் ஆதலின் ஆராய்தல் தகாது என்பார் ஒரு சாரார். பொய்க்கதை ஆதலின் ஆராய்தல் வேண்டா என்பார் மற்றொரு சாரார். கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் குறித்து 1943-ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணாவும், ரா. பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோரும் மேடைகளில் நிகழ்த்திய சொற்போர்கள், இவ்வேறுபாடு எத்துணை ஆழமானது என்பதைக் காட்டின. அன்று இரு தரப்பினரும் நூல்களைக் கற்று வந்து வாதிட்டனர். இன்றோ, ஆராயாது விடுத்தல் என்னும் ஒரு செயலில் இரு சாராரும் ஒன்றுபட்டு நிற்றலைக் காண்கின்றோம். ஆய்வு மாணவர் பலர், 'இது நம்பிக்கை' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டு, பாட்டின் அமைப்பிற்குச் செல்லாது நின்றுவிடுகின்றனர். இதனால் இழப்பு அடைவது தமிழ்த் திறனாய்வேயாகும்.

மிகுபுனைவும் தமிழ் மரபும்

உலகியலில் நிகழலாகாதனவற்றை நிகழ்ந்தனவாகக் காட்டும் இலக்கியத்தை ஈண்டு 'மிகுபுனைவு' என்று குறிப்பிடுகின்றோம். பெயர் புதிதாயினும் பொருள் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் அகத்திணைக்குப் புலனெறி வழக்கம் கூறுமிடத்து, உலகியல் வழக்கோடு நாடக வழக்கினையும் உடன்வைத்தார். செய்யுளியலில் உரையின் வகைகளை எண்ணுமிடத்துப் பொய்ம்மொழி என்பதற்கும் ஓர் இடம் அளித்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர், யானை ஒன்றும் குருவி ஒன்றும் தம்முள் நட்புப் பூண்டு ஓரிடத்திற்குச் சென்று ஒன்று செய்தன என்பது போலக் கூறும் கதையை எடுத்துக்காட்டாகத் தந்தார். பொய் என்று தெரிந்தே கூறப்படுவதும் இலக்கணம் வகுத்தற்கு உரிய ஒரு வகை என அவர்கள் கொண்டனர் என்பது இதனாற் புலனாகும்.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. மெய்ப்பாடு எட்டனுள் மருட்கை என்பது வியப்பு. அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு நிலைக்களங்களில் தோன்றும் என்பது மெய்ப்பாட்டியற் கொள்கை. முன் கண்டறியாதது புதுமை. அளவிற் பெரியது பெருமை. அளவிற் சிறியது சிறுமை. ஒன்று பிறிதொன்றாய் மாறுதல் ஆக்கம். மிகுபுனைவினை அளத்தற்கு இதனினும் பொருத்தமான அளவுகோலைப் பிறமொழித் திறனாய்வில் தேடிச் செல்லவேண்டுவதில்லை. இதனைப் பின்னர்ப் பயன்படுத்துவோம்.

இனி, யானை குருவிக் கதைக்கும் புராணத்திற்கும் உள்ள வேறுபாட்டை முதற்கண் தெளிந்துகொள்ளல் வேண்டும். யானை குருவிக் கதையை எவரும் வழிபடுவதில்லை. புராணத்தின் தலைவனோ கோயிலில் எழுந்தருளி இருக்கின்றான். ஆதலின் புராணம் கேட்பானிடத்து இருவேறு மனநிலைகள் ஒருங்கே அமைகின்றன. முருகன் உளன் என்பது வழிபாட்டு நம்பிக்கை. பானுகோபன் என்னும் அசுரக் குழவி ஞாயிற்றைச் சினந்து பற்றித் தன் தொட்டிற்காலிற் பிணித்தான் என்று கேட்குங்கால் மனம் மறுக்காது உடன்செல்லுதல் புனைவு இசைவு. முன்னது வாழ்நாள் முழுதும் நிற்பது. பின்னது பாட்டு நிகழுமளவும் நிற்பது. அவநம்பிக்கையைத் தானே விரும்பி ஒதுக்கிவைத்தல் என்று ஆங்கிலப் புலவர் கோலரிட்ஜ் 1817-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியது பின்னதையே. இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குதலே மேற்கூறிய இரு சாராரின் பிழைக்கும் வேராகும்.

நூலும் ஆசிரியரும்

கந்தபுராணத்தின் ஆசிரியர் கச்சியப்ப சிவாசாரியர், காஞ்சிக் குமரகோட்டத்தில் வழிபாடு ஆற்றிய அருச்சகர். வடமொழிக் காந்தத்தின் சங்கர சங்கிதையிலுள்ள சிவரகசிய கண்டத்தினை முதனூலாகக் கொண்டு, உற்பத்தி காண்டம், அசுர காண்டம், மகேந்திர காண்டம், யுத்த காண்டம், தேவ காண்டம், தக்க காண்டம் என ஆறு காண்டங்களாக அவர் நூலை வகுத்தார். செய்யுட்டொகை 10,345 என்பது பெருவழக்கு. ஆசிரியரது காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. சகம் 700 என்று பழைய மரபு கூறும்; ஆராய்ச்சியாளர் பலர் அதனைக் கொள்ளாது, பல நூற்றாண்டுகள் பின்தள்ளிக் கணிக்கின்றனர்.

பகலில் பாடிய ஏடுகளை அவர் இரவில் குமரகோட்டத்துக் கருவறையில் வைத்துத் திருக்காப்பிட்டுச் செல்வார் என்றும், மறுநாட் காலையில் அவை முருகனால் திருத்தப்பட்டிருக்கக் காண்பார் என்றும் வரலாறு கூறும். இச்செய்தி நிகழ்ந்ததா என்பது வரலாற்றாசிரியர் வினா. இதனைப் போற்றிவந்த தமிழர், புலமைத் தொழிலைப் பற்றி என்ன எண்ணினர் என்பது இலக்கிய மாணவர் வினா. யாம் எடுத்துக்கொண்டது இரண்டாவது.

இறைவன் அருளால் எழுந்த பாட்டிற்குத் திருத்தம் எதற்கு? அருள் பெற்றவன் எழுதியது குறைவற்றது என்று இவ்வரலாறு கூறவில்லை. அருள் பெற்றவன் எழுதியதும் இரவுதோறும் திருத்தப்படவேண்டியது என்றே கூறுகின்றது. தன் ஏட்டை நாள்தோறும் பிறிதொரு கைக்கு ஒப்படைக்கும் பணிவு இங்குப் பத்திமையின் அடையாளமாகக் காட்டப்படுகின்றது.

திகடசக்கரம்

அரங்கேற்ற வரலாறு இதனினும் வியப்புடையது. காப்புச் செய்யுளின் முதற்சொல்லாக முருகன் எடுத்துக் கொடுத்தது 'திகடசக்கரம்' என்பது. திகழ், தசக்கரம் என்னும் சொற்கள் புணர்ந்து இவ்வாறு நின்றன. விளங்குகின்ற பத்துக் கைகள் என்பது பொருள். ளகர ஈற்றின்முன் வரும் தகரம் டகரமாகத் திரிதல் யாவரும் அறிந்தது. ழகர ஈற்றின்முன் அவ்வாறு திரிதற்கு விதி யாது என்று அவையிலிருந்த புலவர் ஒருவர் தடை எழுப்பினார். தொல்காப்பியம் முதலாகத் தாம் கற்ற நூல்களில் விதி காணாது கச்சியப்பர் வருந்தினார். அரங்கேற்றம் அன்று நின்றது. அவர் அன்றிரவு முருகனிடம் முறையிட்டார். மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் அவைக்கு வந்து, வீரசோழியம் என்னும் இலக்கண நூலை விரித்து, அதன் சந்திப் படலத்தில் இப்புணர்ச்சிக்கு உரிய விதியைக் காட்டினார். அவை உடன்பட்டது. வந்தவர் மறைந்தார். அவர் முருகனே என்று யாவரும் உணர்ந்தனர் என வரலாறு முடியும்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகள் ஊன்றி நோக்கற்பாலன.

முதலாவது, தடை எழுப்பியவர் எவ்வகைத் தண்டனையும் பெறவில்லை. தெய்வத்தின் சொல்லைக் குற்றங் கூறியவன் கண்ணிழந்தான், நாவிழந்தான் என்று கதை கட்டுதல் எளிது. இக்கதையை வழங்கியோர் அவ்வாறு கட்டவில்லை. ஐயம் எழுப்புதல் அவையின் உரிமை என்று அவர்கள் ஒப்புக்கொண்டனர்.

இரண்டாவது, முருகன் தன் தெய்வத்தன்மையைக் காட்டி அவையை அடக்கவில்லை. மயில்மீது தோன்றி 'யாமே இச்சொல்லை அளித்தோம்' என்று கூறியிருப்பின் வாதம் அக்கணமே முடிந்திருக்கும். அவனோ புலவன் வடிவில் நூலுடன் வந்தான். இலக்கண அவையில் இலக்கணச் சான்றே செல்லும் என்னும் நெறியைத் தெய்வமும் ஏற்றது.

மூன்றாவது, காட்டப்பட்ட நூல் யாது என்பது. வீரசோழியம், வீரராசேந்திர சோழன் காலத்தில் (1063–1070) பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றியது. சைவப் பெருநூலின் முதற்சொல்லைக் காக்க முருகன் ஒரு பௌத்தரின் இலக்கண நூலை ஏந்தி வந்தான் என்று சைவர்களே சொல்லிப் போற்றிவந்தனர். மொழியின் விதி சமய எல்லையைக் கடந்தது என்னும் கொள்கைக்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

ஈண்டு ஒன்று எச்சரித்தல் வேண்டும். இவ்வரலாற்றைக் கொண்டு நூலின் காலத்தை அறுதியிட்டுவிடலாகாது. கதையை வழங்கியோர் வீரசோழியத்தை அறிந்திருந்தனர் என்பதனையே அது நிறுவும். கதை நூலுக்குப் பிற்பட்டதாதல் கூடும். நமக்கு வேண்டுவது அது தாங்கி நிற்கும் படைப்புக் கொள்கையே.

எழுத்தின் பொருள் அறியாத படைப்போன்

அக்கொள்கை கதையில் மட்டும் அன்றி நூலினுள்ளும் உளது. கயிலைக்கு வந்த பிரமன், தன்னை வணங்காது செல்லக் கண்டு, குழவியாகிய முருகன் அவனை அழைத்து வேதம் ஓதுமாறு பணிக்கின்றான். பிரமன் பிரணவத்தில் தொடங்குகின்றான். அவ்வெழுத்தின் பொருள் யாது என முருகன் வினவ, பிரமன் விடையறியாது விழிக்கின்றான். அவனைக் குட்டிச் சிறையிலிட்டு, படைத்தற் றொழிலை முருகன் தானே மேற்கொள்கின்றான். அயனைச் சிறைபுரி படலம் இதனை விரித்துரைக்கும்.

குமரகோட்டத்து மூலவர் திருவுருவம் இந்நிலையை ஒட்டியதேயாகும். கையில் அக்கமாலையும் கமண்டலமும் கொண்டு, பிரமனது தொழிலை ஏற்ற கோலத்தில் முருகன் அங்கு எழுந்தருளியுள்ளான். பிரம சாத்தா எனப்படும் இவ்வடிவம் தொண்டைநாட்டுக்கு அணுக்கமானது. கச்சியப்பர் நாள்தோறும் நீராட்டி மலரிட்டு வழிபட்ட வடிவம் வேலேந்திப் போர்செய்யும் வடிவம் அன்று. படைப்போன் வடிவம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பிரமன் படைக்கும் ஆற்றல் இல்லாதவன் அல்லன், உலகமனைத்தும் படைத்தவன். தான் நாவாற் கூறும் எழுத்தின் பொருளை அறியாமையே அவன் குற்றம். பொருள் அறியாது படைப்பவன் படைக்கும் உரிமையை இழக்கின்றான் என்பது இப்படலத்தின் துணிபு. இனி இதனை அரங்கேற்ற வரலாற்றோடு ஒருங்கு வைத்துக் காண்க. பிரமனிடம் ஓரெழுத்தின் பொருளைக் கேட்ட முருகனிடம், புலவரவை ஓரெழுத்தின் திரிபுக்கு விதி கேட்கின்றது. கேட்டவன் கேட்கப்படுகின்றான். பிரமன் விடை கூறாது சிறைப்பட்டான்; முருகன் விடையுடன் வந்தான். ஒன்று நூலினுள் அமைந்தது. மற்றது நூலைச் சூழ்ந்து எழுந்தது. இரண்டும் கூறுவது ஒன்றே: படைப்போன் தன் எழுத்திற்குப் பொறுப்புடையவன்.

இதற்கு ஒப்பானதொரு சிந்தனையை நம் காலத்தை ஒட்டிய மேலைநாட்டு ஆசிரியர் ஒருவரிடத்தும் காண்கின்றோம். ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892–1973) உறுதியான கத்தோலிக்கர். மிகுபுனைவு எழுதியோருள் தலைசிறந்தவர். 1939-இல் நிகழ்த்திப் பின்னர் 1947-இல் அச்சேறிய தம் சொற்பொழிவில், மனிதன் கற்பனை உலகினைப் படைத்தல் இறைவனது படைப்பிற்குக் கீழ்ப்பட்ட ஒரு துணைப்படைப்பு என்றும், தான் படைக்கப்பட்டவன் ஆதலினாலேயே அவன் படைக்கின்றான் என்றும் கருத்துரைத்தார். கோலரிட்ஜின் விளக்கம் போதாது என்பதும், செம்மையாக அமைந்த புனைவுலகில் படிப்போன் அதன் விதிகளுக்கு உட்பட்டு உண்மையாகவே நம்புகின்றான் என்பதும் அவர் கொள்கை. அவர் மறைவிற்குப் பின் 1977-இல் வெளிவந்த சில்மரில்லியன் என்னும் நூலில் கம்மியத் தெய்வம் ஒன்று வருகின்றது. முதற்கடவுளின் இசைவின்றி அது உயிர்களைப் படைக்க முனைகின்றது. கடிந்துரைக்கப்பட்டதும், தான் படைத்தவற்றைச் சம்மட்டியால் உடைக்கத் தானே துணிகின்றது. அப்பணிவினைக் கண்ட முதற்கடவுள் அவற்றிற்கு உயிரும் உரிமையும் அளிக்கின்றார்.

வேறு நாட்டில், வேறு சமயத்தில், வேறு காலத்தில் எழுந்த இக்கதையும் படைப்போன் பொறுப்பினையே பேசுகின்றது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. டோல்கீன் படைத்த உலகிற்குக் கோயில் இல்லை. அதன் தெய்வங்களை எவரும் வழிபடுவதில்லை. கச்சியப்பரோ, தம் பாட்டுடைத் தலைவனுக்குக் காலையில் பூசனை செய்து, அதன்பின் அவனைப் பற்றிய புனைவினை எழுதியவர். ஆதலின் அவர் ஏற்ற பொறுப்பு இன்னும் கடியது.

புனைவின் உள்விதி

அப்பொறுப்பினை அவர் எவ்வாறு ஆற்றினார் என்பதை நூலின் அமைப்பிற் காண்போம். மருட்கையின் நான்கு நிலைக்களங்களும் இந்நூலில் முறையே அமைந்துள்ளன. சிவபெருமான் நெற்றிக்கண்ணினின்று எழுந்த ஆறு பொறிகள் சரவணப் பொய்கையில் ஆறு குழவிகளாதலும், உமையம்மை அணைக்க அவை ஓருருவாதலும் புதுமை. ஆயிரத்தெட்டு அண்டங்களும், அவற்றை நூற்றெட்டு யுகம் ஆளும் சூரபன்மனது அரசும், தென்கடலில் எழுந்த வீரமகேந்திரபுரமும் பெருமை. அத்துணைப் பெருமைக்கும் எதிராக ஒரு பாலன் படை நடத்தி வருதல் சிறுமை. முடிவில் மாமரமாய் நின்ற சூரன் சேவலும் மயிலுமாதல் ஆக்கம். வியப்புகள் சிதறிக் கிடப்பனவாக அன்றி, ஒன்றினின்று ஒன்று பிறப்பனவாக அடுக்கப்பட்டுள்ளன.

இவ்வடுக்கினைத் தாங்குவது சூரன் பெற்ற வரம். வேள்வித் தீயிற் றன்னையே ஆகுதியாக்கிய அவன், அண்டங்களின் அரசும் வச்சிர யாக்கையும் இந்திரஞாலத் தேரும் பெறுகின்றான். சிவபெருமானது ஆற்றலன்றிப் பிறிதெதுவும் அவனை வெல்லலாகாது என்பது வரத்தின் எல்லை. தவத்திற்குப் பயனாக அளித்த வரத்தினை அளித்தவரே மீறுவாராயின் கதை சரியும். மீறாராயின் தேவர்க்கு விடுதலை இல்லை. இந்நெருக்கடியினின்றே முருகன் பிறப்பு எழுகின்றது. அவன் சிவத்தின் வேறல்லன். ஆதலின் வரம் மீறப்படவில்லை. அழியா உடல் பெற்றவன் அழிக்கப்படவும் இல்லை, மாற்றப்பட்டான்.

அவையில் திகடசக்கரத்திற்கு நிகழ்ந்ததும் இதுவே என்பதை உணர்தல் வேண்டும். ஆங்கு விதி தளர்த்தப்படவில்லை. விதிக்குள் நுணுகிய விதி காணப்பட்டது. ஈங்கும் வரம் முறிக்கப்படவில்லை. வரத்தின் சொல்லுக்குள் அருளின் வழி காணப்பட்டது. தெய்வம் எதையும் செய்யவல்லது என்னும் நம்பிக்கை கதையாசிரியனுக்குப் பெரியதோர் இடர். எந்நேரமும் தெய்வத்தை அழைத்து எச்சிக்கலையும் அறுத்துவிடலாம் என்னும் நிலையில் கதைக்கு வலிமை ஏது? கச்சியப்பர் அவ்வெளிய வழியை நாடவில்லை. வீரவாகு தூது செல்கின்றான், அறவுரை கூறுகின்றான், போர் நாட்கணக்கில் நீள்கின்றது, முருகன் படையினரும் வீழ்ந்து எழுகின்றனர். எல்லாம் வல்லவனைத் தலைவனாக உடைய காப்பியத்திலும் விதி, காலம், முயற்சி என்னும் மூன்றிற்கும் மதிப்பு அளிக்கப்பட்டுள்ளது.

மற்றொன்றும் கூறத்தகும். ஆயிரத்தெட்டு அண்டங்களைப் பாடும் நூல், ஆற்றுப்படலத்திற் பாலாற்றைப் பாடியே நாட்டு வளத்தைத் தொடங்குகின்றது. தொண்டைநாட்டையும் காஞ்சி நகரையும் பாடிய பின்னரே அண்டங்களுக்குச் செல்கின்றது. முடிவில், தொண்டைநாட்டு மேற்பாடியை அடுத்த தினைப்புனத்தில், களவொழுக்கத்தில் மலர்ந்த வள்ளியம்மை திருமணத்தோடு நிறைவுறுகின்றது. முதனூலின் கதைக்குத் தமிழ் அகமரபின் கரை இட்டு முடித்தார் ஆசிரியர். தாம் கண்ணாற் கண்ட ஆற்றினின்று புறப்பட்டுத் தம் நாட்டுப் புனத்திற்கே திரும்பியமையால், இடையிலுள்ள காணா உலகங்கள் கேட்போர்க்கு அயலாகத் தோன்றவில்லை.

சூரன் கண்ட காட்சி

பத்திமையும் புனைவும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் யுத்த காண்டத்தின் இறுதியில் உளது. போர்க்களத்தில் முருகன் தன் பேருருவைச் சூரனுக்குக் காட்டுகின்றான். பாலன் என்று தான் இகழ்ந்திருந்தவன் எல்லாவற்றிற்கும் மூலமானவன் என்பதைச் சூரன் அறிகின்றான். அவ்வழகினைக் கண்டு கண் நீங்காது நிற்கின்றான், அன்பினால் உருகுகின்றான். கால்கள் வலம்வர விரும்புகின்றன. கைகள் தொழ விரும்புகின்றன. தலை தாழ விரும்புகின்றது. ஆயினும் மானம் ஒன்று இடைநின்று தடுக்கின்றது. பேருருவம் மறைந்ததும் பழைய சினம் மீள்கின்றது, போர் தொடர்கின்றது.

இந்நூலில் முருகன் அழகினைப் போற்றும் மிக உயர்ந்த மொழிகளுட் சில, அடியவர் வாயில் அன்று, அவன் பகைவன் வாயில் அமைந்துள்ளன. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் அடியார் தம் வழிபாட்டில் இன்றும் அவற்றை ஓதுகின்றனர். ஓதுவோருட் பலர் அவை சூரனது கூற்று என்பதை எண்ணுவதில்லை.

ஓர் அருச்சகர் ஏன் இதனைச் செய்தார்? அசுரனை முழுத் தீயவனாக எழுதுதல் பத்திமைக்கு எளிது; அவையும் மகிழும். கச்சியப்பரது நம்பிக்கை அதனை ஏற்கவில்லை. இறைவன் உண்மையிலேயே பேரழகன் என்று கொண்டால், அவனைக் கண்ட பகைவனும் உருகவேண்டும். உருகாவிடின் அழகு பொய்யாகும். ஆகவே தம் நம்பிக்கைக்கு உண்மையாக இருந்தமையால் அவர் பகைவனுக்கு உள்ளம் அளித்தார். அவ்வுள்ளத்தில் மானத்தை நிறுத்தியமையால் அவன் வெறும் அடியவனாகவும் ஆகிவிடவில்லை. தொழ விரும்பியும் தொழமாட்டாத அவ்வொரு கணத்தில் சூரன் நம் ஒவ்வொருவர்க்கும் உறவினனாகின்றான். பத்திமை கலையைக் குறுக்கும் என்பார்க்கு இவ்விடம் ஒன்றே விடையாகும். இங்குப் பத்திமையே கலையின் நடுவுநிலைமைக்குக் காரணமாயிற்று.

சூரன் மயிலும் சேவலுமாக வந்து பொருகின்றபொழுது, முருகன் அருள்நோக்கினால் அவற்றின் சினம் தணிகின்றது. ஒன்று ஊர்தியும் மற்றொன்று கொடியுமாகின்றன. கைகள் தொழ விரும்பிய அவ்விருப்பம் இவ்வாறு நிறைவேறியது எனலாம். முன்னர்க் காட்டிய உள்ளுருக்கம் இன்றேல் இவ்வாக்கம் மாயவித்தையாகவே நின்றிருக்கும். அது முன்சென்றமையால் இஃது அறமாயிற்று.

கேட்போர் பங்கு

இத்தகைய நூல் ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஒருவர் செய்யுளை இசையுடன் படிக்க, மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லும் மரபு நெடுங்காலம் செழித்தது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் அவ்வாழ்வினைக் கந்தபுராண கலாசாரம் என்றே பெயரிட்டு வழங்கினார்கள். படிப்போன் அருகிலேயே பொருள் சொல்வோனும் இருத்தல் வேண்டும் என்னும் அவ்வேற்பாடு, திகடசக்கர வரலாற்றின் நெறியோடு ஒத்திருத்தல் காண்க.

காஞ்சி வட்டாரத்தில் இத்தொடர்பு இன்னும் நெருங்கியது. உமையம்மையின் சிலம்பினின்று சிதறிய நவமணிகளிற் றோன்றிய மகளிர் ஒன்பதின்மர்க்குப் பிறந்தோர், வீரவாகு முதலாகிய நவவீரர் என்பது உற்பத்தி காண்டச் செய்தி. நெசவுத் தொழிலராகிய செங்குந்தர் தம்மை அந்நவவீரர் வழியினர் என்று கொள்ளும் மரபினர். சூரசங்கார விழாக்களில் நவவீரர் வேடம் பூணும் உரிமையை அவர்கள் பல ஊர்களிற் பேணி வருகின்றனர். புலவர் பாடிய மிகுபுனைவு ஒரு தொழிற்குலத்தின் தன்மதிப்பாகவும் ஆண்டுதோறும் நிகழும் ஆடலாகவும் நிலைபெற்றுள்ளது. இதனைப் 'பொய்' என்று ஒரு சொல்லால் தள்ளுதலும், 'வரலாறு' என்று ஒரு சொல்லாற் கொள்ளுதலும் ஒருங்கே பிழையாம்.

முடிவுரை

காஞ்சிப் பட்டு நெசவிற் கோர்வை என்பதொரு முறை உண்டு. உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறு நிறமும் வேண்டுங்கால், நடுவில் ஒன்றும் இருகரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்வர். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். ஓரிழை தவறினும் அவ்விடத்திற் சேலை பிரியும். பற்று உறுதியாயின் சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்று நெசவாளர் பெருமையுடன் கூறுவர்.

கந்தபுராணத்திற் பத்திமையும் புனைவும் இவ்வாறே நிற்கின்றன. இரண்டும் வேறு, நிறமும் வேறு. ஒன்றை மற்றொன்றாகச் சாயமேற்றக் கச்சியப்பர் முயலவில்லை. எழுத்துத் தோறும் இணைப்பு நிற்கின்றதா என்று பார்த்தார். பார்க்கும்படி பிறரையும் விட்டார்.

முசரவாக்கத்து முதியவர்க்கு யாம் அன்று கூறிய விடை குறைவுடையது. கூறியிருக்கவேண்டிய விடை இது: புலவர் குற்றம் பார்த்தது சாமியை அன்று, சொல்லை. சொல் அவைக்கு வந்தபின் அது அவையின் பொருள். கச்சியப்பர் வாய்மூடி இருந்ததும் அச்சத்தால் அன்று. கேட்கத்தக்க கேள்வி என்று அவர் உணர்ந்தமையால். நெய்தவர் எவராயினும், விரித்து ஒளியிற் பிடித்துப் பார்த்த பின்னரே சேலையை மடிக்கின்றோம். தறியில் இருந்த அவர்க்கு இதனை யாம் விரித்துரைக்கவேண்டுவதில்லை. அடுத்த படிப்பின்பொழுது இவ்விடையை அவர்பால் ஒப்படைக்கக் கடமைப்பட்டுள்ளோம்; அவர் தலையசைப்பாரா, மற்றொரு வினா எழுப்புவாரா என்பது அவர் உரிமை.